ஒரு பம்புசெட்டை வைத்து ஊர் வரலாறு எழுதுவது எப்படி

‘அறிவியலும் சமூகமும்’ என்று கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு கொடுத்தால் பிள்ளைகள் சக்கரத்தில் ஏறி, நீராவி இன்ஜினில் மாறி, செல்போனில் இறங்கிவிடுவார்கள். பெரியவர்கள் எழுதுகிற ஊர் வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான். கோயில் கல்வெட்டு, பாளையக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்கள், அப்புறம் நேராக ‘இன்று அனைத்து வசதிகளும் உள்ளன’. நடுவில் ஊரே தலைகீழாக மாறிய முப்பது நாற்பது வருஷம் காணாமல் போயிருக்கும். இத்தனைக்கும் அந்த வருஷங்களைப் பார்த்தவர்கள் இன்னும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அந்த நடுப்பகுதியை எழுத நான் சொல்லும் வழி இதுதான். தொழில்நுட்பம் என்கிற பெரிய தலைப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரே ஒரு கருவியைப் பிடியுங்கள். அது வருவதற்கு முன் அந்த வேலையை யார் செய்தார்கள், என்ன கூலிக்குச் செய்தார்கள், அது வந்தபின் அவர்கள் எங்கே போனார்கள், அதற்கான காசு யார் கையிலிருந்து வந்தது என்று விடாமல் துரத்துங்கள். கருவி எப்போது வந்தது என்பது இதில் பாதிக் கதைகூட இல்லை.

எந்தக் கருவி?

அதற்கு முந்தைய காலத்தைக் கண்ணால் பார்த்த ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும், ஏதாவது ஒரு காகிதத்தில் அதன் தடம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எந்தக் கருவியும் தோதுதான். டெல்டாக்காரர்கள் டிராக்டரையோ அறுவடை மெஷினையோ எடுக்கலாம், கடற்கரை ஊர் என்றால் கட்டுமரத்தை ஓரங்கட்டிய விசைப்படகு, நெசவு ஊர் என்றால் விசைத்தறி, டவுனுக்குள் இருப்பவர்களுக்கு ரைஸ் மில், கிரைண்டர், தையல் மெஷின். எஸ்டிடி பூத்தை யாராவது சீக்கிரம் எடுத்துக்கொண்டால் நல்லது. எண்பதுகளின் கடைசியில் முளைத்து, செல்போன் வந்ததும் சுவடே இல்லாமல் போன தொழில் அது, நடத்தியவர்களில் நிறைய பேர் மாற்றுத்திறனாளிகள், அந்த மஞ்சள் போர்டுகூட இப்போது தேடினால் கிடைப்பதில்லை.

நான் இங்கே கிணற்றுப் பாசனத்தின் கரண்ட் மோட்டாரை எடுத்துக்கொள்கிறேன். கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம், திண்டுக்கல் என்று கிணற்றை நம்பிய மாவட்டங்களில் இது தொடாத விஷயமே கிடையாது. மாடு, சாதி, கூலி, கடன், கல்யாணம், ஓட்டு, எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறது.

பழைய ஏற்பாட்டை முழுசாக எழுதுங்கள்

அவசரப்பட்டு மோட்டாரில் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு முன்னால் தண்ணீர் எப்படி மேலே வந்தது என்பதை ஆள், மாடு, கயிறு என்று ஒவ்வொன்றாக எழுதி முடித்தால்தான் பின்னால் என்ன போயிற்று என்பது புரியும்.

மாட்டைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற ஏற்பாட்டுக்குக் கவலை என்று பெயர், அது இப்படி. கிணற்றின் விளிம்பில் மரச்சட்டம் நட்டு அதில் உருளை. உருளைமேல் ஓடும் வடக்கயிற்றின் ஒரு நுனியில் தண்ணீர் மொள்ளும் பெரிய வாளியான சால், மறுநுனியில் ஒரு ஜோடி மாடு. மாடு நடக்கும் வாரி கிணற்றிலிருந்து விலகி விலகிச் சரிவாகக் கீழே இறங்கும், அந்தச் சரிவில் மாடு தன் எடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும்போது சால் மேலே வரும். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி தோலில் தைத்த தும்பி ஒன்று தொங்கும், அதற்குத் தனியாக ஒரு மெல்லிய கயிறு. சால் விளிம்புக்கு வந்ததும் தும்பியின் வாய் தானாகவே தொட்டியில் போய் விழுந்து தண்ணீரைக் கொட்டிவிடும், மேலே நின்று யாரும் கவிழ்க்க வேண்டியதில்லை. அப்புறம் மாட்டைப் பின்னாலேயே நடத்தி மேலே கொண்டுவர வேண்டும், சால் கீழே இறங்கும். விடியலுக்கு முன்பே மாடு பூட்டி வெயில் ஏறும்வரை இதே வேலை, சாயங்காலம் மறுபடியும். வாய்க்கால் ஓரத்தில் இன்னொருவர், பெரும்பாலும் ஒரு பெண்ணோ பையனோ, பாத்தி பாத்தியாக மடையைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

உங்கள் பக்கம் சாலுக்கும் வாரிக்கும் வேறு பெயர் இருக்கலாம், உங்கள் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். வட மாவட்டங்களில் ஏற்றம் இருந்திருக்கும், அதன் கதை வேறு: மரத்தின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்தே தண்ணீரை மேலே கொண்டுவருவார்கள்.

இப்போது ஒரு தாளை எடுத்து, இந்த ஒரு கவலை ஓடுவதற்கு யார் யார் தேவைப்பட்டார்கள் என்று பட்டியல் போடுங்கள். கவலை ஓட்டுகிற பண்ணையாள். உருளையும் சட்டமும் செய்கிற ஆசாரி. கயிறு திரிப்பவர். மாட்டுக்குத் தீவனம் போட்டு, சாணி அள்ளி, தண்ணி காட்டுகிற வீட்டுப் பெண்கள். கொங்குப் பக்கம் சாலும் தும்பியும் தைத்துக் கொடுத்து, கிழிந்தால் ஒட்டுப் போட்டுத் தந்தவர்கள் அருந்ததியர் குடும்பங்கள். கூலி ரொக்கமாக இல்லை, களத்தில் அறுவடையானதும் இவ்வளவு வள்ளம் என்று தானியமாக. தவிர மாட்டுத் தீவனத்துக்கு என்றே சோளத்தட்டுக்கும் கொளுக்கட்டைப் புல்லுக்கும் நிலம் ஒதுக்க வேண்டும். அதாவது தண்ணீர் இறைக்கிற மாட்டுக்கே நிலத்தில் ஒரு பங்கு போய்விடும்.

இந்தப் பட்டியல்தான் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு. மோட்டார் வந்ததும் இதில் ஒவ்வொரு பெயருக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே போனால் பாதி வரலாறு தானாக வந்துவிடும்.

வருஷத்தைப் பிடிப்பது

“எந்த வருஷம் மோட்டார் போட்டீங்க?” என்று கேட்டால் “அது ஆச்சுப்பா ரொம்ப வருஷம்” என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்பதே வீண். ஊருக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்கு (1964) முன்னாலா பின்னாலா? எம்ஜிஆரைச் சுட்டபோது (1967 ஜனவரி) கவலை ஓடிக்கொண்டிருந்ததா? எமர்ஜென்சி சமயத்தில்? இந்திரா காந்தி செத்தபோது (1984)? இது ஒத்துவரவில்லை என்றால் குடும்பச் சம்பவத்துக்குப் போங்கள். மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்பா, சின்னவன் அப்போது பள்ளிக்கூடம் போனானா? அந்தச் சின்னவனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறது, அங்கிருந்து கணக்குப் போட்டுவிடலாம், அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள் பையனின் வயதை அவர்களாகவே முடிவு செய்திருப்பார்கள் என்பதற்காக ஒன்றிரண்டு வருஷம் தள்ளுபடி கொடுத்து.

காசும் துப்பு கொடுக்கும். 1957-இல்தான் நயா பைசா வந்தது. கூலியை அணாக்கணக்கில் சொன்னால் அதற்கு முந்தைய காலமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் ஜனங்கள் வாயில் அணா அதற்குப் பின்னும் வெகுநாள் புழங்கியது, எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஊரில் யார் வீட்டுக் கிணற்றில் முதல் மோட்டார் ஓடியது என்று கேளுங்கள், நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். சண்டை போடாமல் நாலையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் மோட்டார் யாருடையது என்பதில் ஊருக்குள் கௌரவம் இருக்கிறது, பதில் மாறுவதிலிருந்தே யார் யாருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்பது தெரிந்துவிடும்.

காகிதம் எங்கே இருக்கிறது

இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். ஆர்க்கைவ்ஸ் என்றாலே சென்னை எழும்பூருக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார வேண்டும் என்று பயம். தமிழ்நாடு ஆவணக்காப்பகம் அருமையான இடம்தான், போகிற வாய்ப்பு இருந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் ஒரு பம்புசெட்டின் கதைக்குத் தேவையான முதல் காகிதம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது.

கிரயப் பத்திரத்தை எடுங்கள். எல்லாரும் சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் சொத்து விவரத்தின் கடைசி வரிகளைப் படியுங்கள். பழைய பத்திரத்தில், மேற்படி பூமியிலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகமும், அதில் முறைப்படி கவலை ஓட்டி நீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும் என்கிற ரீதியில் ஒரு வாசகம் இருக்கும். அதே நிலம் இருபது வருஷம் கழித்துக் கைமாறிய பத்திரத்தில் அந்த இடத்தில் ‘5 எச்.பி. மின் மோட்டார் பம்புசெட், மின் இணைப்பு எண் இன்னது, டெபாசிட் சகிதம்’ என்று வந்து உட்கார்ந்திருக்கும். இன்னொரு பத்திரத்தில் போர்வெல்லும் பைப் லைன் கொண்டுபோகும் பாத்தியமும் வரும். மூன்று பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் எந்தெந்த வருஷங்களுக்கு நடுவில் மாடு போய் மோட்டார் வந்தது என்று கைரேகை மாதிரி தெரியும், அதுவும் தேதியோடு, சார்பதிவாளர் முத்திரையோடு.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாலு அண்ணன்தம்பி ஒரு கிணற்றில் முறை வைத்துக் கவலை ஓட்டலாம், ஆளுக்கு ஒரு நாள். ஆனால் கரண்ட் இணைப்பு ஒருவர் பெயரில்தான் வரும். மோட்டார் வாங்கக் காசு போட்டவர், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர், ரிப்பேருக்குச் செலவு செய்தவர், இவர்கள் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஊரில் உள்ள பங்காளிச் சண்டைகளில் எத்தனை இந்த இடத்தில் ஆரம்பித்தன என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் தாலுகா கோர்ட்டில் கிணற்று வழக்கு ஒன்றாவது இல்லாமல் இருக்காது.

அடுத்தது அடங்கல். கிராமக் கணக்குகளில் இரண்டாம் எண். ஒவ்வொரு சர்வே எண்ணிலும் அந்த வருஷம் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எதிலிருந்து தண்ணீர் என்று எழுதியிருக்கும். மேலே போட்டிருக்கும் ஆண்டு பசலிக் கணக்கில் இருக்கும், பயப்பட வேண்டாம், பசலியோடு 590-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும், அந்த ஜூலையில் ஆரம்பித்து மறு ஜூன் வரை. பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. கம்பும் சோளமும் எழுதியிருந்த இடத்தில் எந்தப் பசலியிலிருந்து கரும்பு, மஞ்சள், வாழை என்று வர ஆரம்பிக்கிறது என்பதைப் பாருங்கள். மோட்டார் வந்ததற்குப் பயிர்தான் சாட்சி. கவலையில் நாள் முழுக்க இறைத்தும் கால் ஏக்கரை ஒட்டித்தான் நனைக்க முடியும், அதை வைத்துக்கொண்டு யாரும் பெரிய அளவில் கரும்பு நடமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. அடங்கலை வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பதுதான் விதி. உட்கார்ந்த இடத்திலேயே போன வருஷத்ததைப் பார்த்து எழுதிய பக்கங்களும் நிறைய உண்டு. நாலு வருஷம் தொடர்ந்து ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை 1980-இல் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள், அந்தச் சமயத்தில் பழைய கணக்குகள் எல்லாமே ஒழுங்காகக் கைமாறின என்று சொல்ல முடியாது. பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணையும் ஒருமுறை விசாரியுங்கள், மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

மின்வாரிய அட்டையும் உதவும். சர்வீஸ் எண்கள் பெரும்பாலும் இணைப்பு கொடுத்த வரிசையில் ஓடுவதால் சின்ன எண் இருப்பவர் முன்னால் வாங்கியவர் என்று ஊகிக்கலாம், இடையில் பிரிவு அலுவலகம் பிரிந்து எண் மாறியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நிலவள வங்கிக் கடன் ரசீது கிடைத்தால் அதிர்ஷ்டம், மோட்டார் விலை, வட்டி, எந்த நிலம் அடமானம் என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாவட்டவாரியாகப் போடுகிற கையேடுகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் மின்சாரம் உண்டா, பஸ் உண்டா, தபால் நிலையம் உண்டா என்று இருக்கிறது, பழைய தொகுதிகள் இணையத்திலும் கிடைக்கின்றன. பழைய விளம்பரங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும்.

கருவி இருந்தும் ஏன் வரவில்லை?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, பலரும் கேட்காமல் விடுவதும் இதைத்தான். தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது, ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி அதை விவசாயிகளிடம் கொண்டுபோகப் பெரிய பாடுபட்டார். அப்படியிருந்தும் உங்கள் ஊரில் அறுபதுகள் வரைக்கும் கவலை ஓடியது என்றால் நடுவில் அறுபது வருஷம் என்ன நடந்தது? எண்ணெய் வாங்கக் காசு வேண்டும், நின்றுபோனால் பார்க்க மெக்கானிக் வேண்டும், அதற்கு மேலாக, பண்ணையாள் தானியக் கூலிக்குக் கிடைக்கும்வரை மெஷின் வாங்கத் தேவையே இல்லை. கூலி மலிவாக இருக்கிற இடத்தில் கருவி காத்துக் கிடக்கும். இதை உங்கள் ஊரில் சரிபாருங்கள்.

மின்சாரத்தின் கதையும் இதில் சேரும். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்தது, அந்தக் கரண்ட் மலையிறங்கி வந்த பிறகுதான் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் மளமளவென்று பெருகின. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது, பாபநாசத்தில் 1944-இல் மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள் என்பது அந்த ஊர்க்காரர்கள் சலிக்காமல் சொல்கிற பெருமை. பெருமையை விடுங்கள், அதன் விளைவைப் பாருங்கள். மில்லுக்கு உதிரிபாகம் செய்த ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பக்கத்திலேயே இருந்ததால் பம்புசெட் உள்ளூரிலேயே தயாரானது, காயில் எரிந்தால் கட்டித் தர ஆள் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் கிடைத்தார். அதே மோட்டார் பழுது பார்க்க ஆளில்லாத ஊரில் மாசக்கணக்கில் சாக்கு மூடிக் கிடந்திருக்கும். உங்கள் ஊருக்கு முதல் வைண்டிங் கடை எப்போது, யார் போட்டார், எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் அரசியல். 1957-இல் மின்சார வாரியம் வந்த பிறகு கிராமத்துக்குக் கம்பி இழுப்பது வேகமெடுத்தது. எழுபதுகளில் கரண்ட் கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளோடு கோவையில் திரண்டதை உங்கள் பகுதிப் பெரியவர்கள் கட்டாயம் சொல்வார்கள், துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் பெயர்களையும் சொல்வார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் கரண்ட் இலவசமானது. மோட்டாரின் குதிரைசக்தியை இன்ஜினியர் தீர்மானிக்கிறார் என்று நினைப்போம், அதில் கட்டண விகிதத்துக்கும் தேர்தலுக்கும் உள்ள பங்கு கொஞ்சநஞ்சமல்ல.

யாரிடம் கேட்பது

கிணற்றுக்குச் சொந்தக்காரர் பேசுவார், நிறையவே பேசுவார். “அந்தக் காலத்துல கவலைத் தண்ணியில வெளஞ்ச சோத்துக்கு இருந்த ருசியே வேற” என்பார். இருக்கட்டும், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் அந்தக் கவலையை எத்தனை நாள் ஓட்டினார் என்று ஒரு கேள்வி போடுங்கள். பிறகு அதே கவலையை வருஷக் கூலிக்கு ஓட்டினவரையோ அவருடைய பிள்ளைகளையோ தேடிப் போங்கள், அவர் வீடு ஊருக்குள் இருக்காது, தனித் தெருவில் இருக்கும், நடந்து போங்கள். மாட்டுக்குப் பின்னால் பத்து வயதிலிருந்து நடந்தவர்களுக்கு ருசி ஞாபகம் இருக்காது, கால் வெடிப்பு ஞாபகம் இருக்கும். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் பண்ணையத்தில் இருந்தாரா, மோட்டார் வந்ததும் அவரை நிறுத்திவிட்டார்களா, இல்லை அவரே கழன்றுகொண்டாரா, முதன்முதலில் எப்போது ரொக்கக் கூலி வாங்கினார், அந்தக் காசில் என்ன வாங்கினார் என்று கேளுங்கள். தோல் தைத்த குடும்பங்களிடமும் கேளுங்கள். அவர்கள் தொழிலை மோட்டார் விழுங்கிவிட்டது என்று நாம் வருத்தத்தோடு எழுத உட்காருவோம். விட்டது சனியன் என்று அவர்கள் சொல்லக்கூடும். களத்து மேட்டில் நின்று அளந்து போட்டதை வாங்கிய காலம் போய்விட்டதே என்று யாரும் அங்கே ஏங்கமாட்டார்கள். ஆனால் வருஷத்துக்கு இவ்வளவு என்று உறுதியாக வந்துகொண்டிருந்த தானியமும் அதோடு போயிற்று, மாற்று வேலை உடனே கிடைக்கவில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்காதீர்கள்.

பெண்களிடம் ஆண்கள் இல்லாத நேரத்தில் பேசுவது நல்லது. வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் அந்தம்மாவின் பதிலை அவரே சொல்லிவிடுவார். மோட்டார் ஓடும் நேரத்தில் தொட்டியில் துணி துவைப்பது, குடத்தில் பிடித்து வருவது, யார் தோட்டத்துத் தொட்டியில் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை, இதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். மாடு குறைந்ததால் மிச்சமான நேரம் ஓய்வாகப் போயிற்றா, கறவை மாடு வந்து பால் சொசைட்டிக்கு ஓடுவதில் போயிற்றா என்று அவர்களிடம்தான் கேட்க முடியும். கரண்ட்டோடு ரைஸ் மில்லும் வந்திருக்கும். உலக்கை போட்டுக் குத்திய வேலை மில்லுக்குப் போனபோது வசதியான வீட்டுப் பெண்களுக்குத் தோள்வலி நின்றது, அடுத்த வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்துத் தவிடும் நொய்யும் கூலியாக வாங்கிவந்த பெண்களுக்கு அடுப்பு நின்றது. கைக்குத்தலைக் காப்பாற்ற மத்திய அரசு 1958-இல் அரிசி ஆலைகளுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டமே போட்டது, மில்கள் பெருகியது பெருகியதுதான்.

கேள்விகளைத் தாளில் எழுதிப் படிக்காதீர்கள், பேட்டி மாதிரி ஆகிவிடும். கவலைக்குழி இன்னும் தூர்ந்துபோகாமல் இருந்தால் அங்கேயே அழைத்துப் போய் நிற்க வையுங்கள், கல்லில் வடக்கயிறு அறுத்த பள்ளத்தைத் தொட்டதும் மாட்டின் பெயர் உட்பட எல்லாம் வரும். போனில் ரெக்கார்ட் செய்யும் முன் அனுமதி கேளுங்கள்.

மோட்டாரோடு நிறுத்தாதீர்கள்

பலர் ‘பம்புசெட் வந்தது, பசுமை வந்தது’ என்று முடித்துவிடுவார்கள். கிணற்றின் ஆழத்தை வருஷவாரியாகக் கேட்டு ஒரு கோடு போடுங்கள். கவலை ஓடிய காலத்தில் கயிறும் மாடும் எட்டும் ஆழம்தான் கிணற்றின் எல்லை, அதற்குக் கீழே வெட்டிப் பயனில்லை. மோட்டாருக்கு அந்த எல்லை இல்லை. வசதி உள்ளவர் வெடி வைத்து ஆழப்படுத்தினார், பக்கத்துக் காட்டுக்காரர் கிணறு வற்றியது, அவரும் கடன் வாங்கி இறக்கினார், அப்புறம் கிணற்றுக்குள்ளேயே சைடு போர், அப்புறம் வெளியே போர்வெல், சப்மெர்சிபிள், கம்ப்ரஸர். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராமல் வெறும் புகை வந்த கதை கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. இந்த ஓட்டத்தில் யார் எந்தக் கட்டத்தில் கழன்றுகொண்டார் என்பதை எழுதுங்கள். கழன்றவர்கள் விசைத்தறி போட்டார்களா, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்களா, லாரி வாங்கினார்களா, போர் வண்டியே வாங்கினார்களா? திருச்செங்கோட்டு போர் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடுவது தெரிந்ததுதானே.

ஆனால் எல்லாவற்றையும் மோட்டார் தலையில் கட்டாதீர்கள். அதே வருஷங்களில் பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது, ரேஷன் அரிசி வந்தது, புது ரகம், யூரியா வந்தது. பண்ணையாள் முறை ஒழிந்ததில் மோட்டாருக்கு எவ்வளவு பங்கு, பக்கத்து டவுன் மில் கூலிக்கு எவ்வளவு பங்கு என்று தெரியாவிட்டால், மோட்டார் தாமதமாக வந்த பக்கத்து ஊருக்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே வருஷத்தில் முறை மாறியிருந்தால் காரணம் வேறு.

கரண்ட் வரும் நேரத்தையும் மறக்காதீர்கள். மும்முனை மின்சாரம் ராத்திரியில் விட்டால் ராத்திரியில்தான் மோட்டார் போட முடியும். டார்ச்சும் கம்புமாக வரப்பில் நடந்து பாம்பு கடித்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். பின்னாளில் செல்போன் ஸ்டார்ட்டர் வந்து, கட்டிலில் படுத்தபடியே மிஸ்டு கால் கொடுத்து மோட்டாரை ஓட்ட முடிந்தது. நகரத்தில் செல்போன் பேச்சைப் பெருக்கியது என்று எழுதுவார்கள், உங்கள் ஊரில் அது ஒரு நடையைக் குறைத்தது.

யாராவது இதை முன்பு செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது சொந்த ஊரை விசாரித்து எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஊர்கள் அப்படித்தான் பதிவாயின. முப்பதுகளில் வேறு ஆட்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள், அதற்குப் பின்னும் சில ஊர்களுக்கு ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒரே ஊரை நூறு வருஷத்துக்கு விட்டு விட்டுப் பார்த்த இந்த மாதிரிப் பதிவு அபூர்வம். உங்கள் ஊர் அதில் இல்லையென்றால் நீங்கள்தான் முதல் ஆள், அதனால் அடுத்து வருபவர் ஒப்பிடத் தோதாக எழுதுங்கள்: கிணறுகள் எத்தனை, ஓடுகிறவை எத்தனை, ஆழம், எச்.பி., உழவு மாடு எத்தனை ஜோடி, ஆண் கூலி, பெண் கூலி, விசாரித்த மாதமும் வருஷமும்.

எழுதும்போது பெயர்களில் ஜாக்கிரதை. யார் யாரைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை, யார் பண்ணையத்தில் யார் கட்டுப்பட்டிருந்தார் என்பதெல்லாம் இன்றைக்கும் சூடு ஆறாத விஷயம், சொன்னவர் அதே ஊரில்தான் நாளைக்கும் இருக்க வேண்டும். பெயரை மாற்றுங்கள், சர்வே எண்ணை மறையுங்கள், சம்பவத்தை மாற்றாதீர்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சொன்னவருக்கு வாசித்துக் காட்டுங்கள், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

குரல் பதிவுகளை வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைக்காதீர்கள், போன் மாறினால் போச்சு. பெயர் மாற்றியவர்களுக்கு நீங்கள் வைத்த குறியீடு, ஊர், தேதி, எதைப் பற்றி என்று கோப்புக்குப் பெயர் வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள், குறியீட்டுப் பட்டியலைத் தனியாக வையுங்கள். பத்திரம், அடங்கல், ரசீது எல்லாவற்றையும் வெயில் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், பின்பக்கத்தையும் சேர்த்து. சொந்தக்காரர்கள் சம்மதித்தால் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள், நூலகர் வாங்க யோசித்தால் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு.